உதவி கேட்கும் மாணவருக்கு விதிகள் துணை நிற்கின்றனவா?

மாணவர் உடல்நலம், மது, போதைப்பொருள் பயன்பாடு ஆகியவை குறித்துப் பல்கலைக்கழகங்கள் வகுத்துள்ள விதிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களையும் அவர்கள் சார்ந்த நிறுவனங்களின் பெயர்களையும் வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் விடுதியில் நண்பர் ஒருவர் அளவுக்கு மீறிக் குடித்து நினைவிழந்தார். ஆம்புலன்ஸை அழைத்தால் அவரும் நாங்களும் விடுதியிலிருந்து நீக்கப்படுவோம் என்று அஞ்சி, இரவு முழுவதும் மாறி மாறி அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டோம். காலையில் அவர் எழுந்துவிட்டார். நாங்கள் செய்தது சரியா? உதவிக்கு அழைப்பவரைத் தண்டிக்காத விதி எங்காவது உண்டா?

பதில்: உங்கள் நண்பர் பிழைத்துக்கொண்டதில் எனக்கும் நிம்மதி. அவரைத் தனியே விடாமல் உடனிருந்தது சரி. மருத்துவ உதவியை அழைக்காமல் இருந்தது தவறு. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றிலும் குடலிலும் தங்கியிருக்கும் மது தொடர்ந்து இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும் என்பதால், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடப்பட்டவரின் நிலை அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் மோசமாகக்கூடும். எழுப்பினாலும் எழாமை, நிமிடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக மூச்சு விடுதல், இரண்டு மூச்சுகளுக்கு நடுவே 10 நொடிக்கு மேல் இடைவெளி விழுதல், தோல் குளிர்ந்து நீலம் பாரித்தல், வலிப்பு, மயக்கத்திலேயே வாந்தி எடுத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மற்றவற்றுக்காகக் காத்திருக்காமல் அவசர உதவியை அழைக்க வேண்டும். அதுவரை அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து குறையும். காபி கொடுப்பதாலோ, குளிர்ந்த நீரை ஊற்றுவதாலோ, தாங்கிப் பிடித்து நடக்கவைப்பதாலோ இரத்தத்திலுள்ள மதுவின் அளவு குறைவதில்லை.

மதுவோடு தூக்க மாத்திரையோ ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருளோ சேர்ந்திருந்தால் மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து பல மடங்காகும். ஓபியாய்டுகளுக்கு மாற்று மருந்தாக நலாக்ஸோன் உண்டு. மூக்கில் பீய்ச்சும் வடிவிலும் அது கிடைக்கிறது. அதன் வீரியம் பெரும்பாலும் 30 முதல் 90 நிமிடங்களில் தணிந்துவிடும். உடலில் எஞ்சியுள்ள ஓபியாய்டு அதன்பின் மீண்டும் மூச்சை அடக்கக்கூடும். ஆகவே அதைக் கொடுத்து அவர் கண் விழித்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றே ஆக வேண்டும். மதுவின் விளைவை அது மாற்றாது.

இனி விதிக்கு வருகிறேன். நீங்கள் அஞ்சியதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "குடித்தது தெரிந்தால் நீக்கம்" என்று மட்டும் எழுதி வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகம், நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கத் தயங்கும் மாணவரைத் தானே உருவாக்குகிறது. இதை உணர்ந்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. மதுவால் உயிராபத்தில் இருப்பவருக்காக உதவி கேட்டால், கேட்டவரும் உதவி பெற்றவரும் மது தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளாக மாட்டார்கள் என்பதே அதன் சாரம். அதன் முதல் இரண்டு ஆண்டுகளின் அனுபவம் 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அவசர உதவிக்கான அழைப்புகள் கூடின. "நண்பரைச் சிக்கலில் மாட்டிவிடுவோமோ" என்ற அச்சத்தைத் தடையாகக் குறிப்பிட்ட மாணவர்கள் குறைந்தனர். அவசர நிலைக்குப் பிறகு நல மையத்தில் ஆலோசனை பெற்றவர்களின் விகிதம் இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. எனக்கு இவற்றுள் மூன்றாவதே மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் தண்டனைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஆலோசகரின் முன் வந்து அமர்ந்திருக்கிறார்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் இத்தகைய விதி இருக்கிறதா என்பதை மாணவர் கையேட்டில் தேடிப் பாருங்கள். இருந்தால், அது அழைப்பவரை மட்டும் காக்கிறதா, பாதிக்கப்பட்டவரையும் காக்கிறதா, போதைப்பொருளுக்கும் பொருந்துகிறதா அல்லது மதுவுக்கு மட்டுமா, பிறகு ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பவற்றைக் கவனியுங்கள். பொருளை விற்றவருக்கும், வன்முறையிலோ பாலியல் துன்புறுத்தலிலோ ஈடுபட்டவருக்கும் இந்த விலக்குப் பொருந்தாது, பொருந்தவும் கூடாது. இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: பல்கலைக்கழகம் தன் ஒழுங்கு நடவடிக்கையை மட்டுமே தள்ளுபடி செய்ய முடியும், நாட்டின் சட்டத்தை அது தள்ளுபடி செய்ய முடியாது. சில அரசுகள் சட்டத்திலேயே இடம் தந்திருக்கின்றன. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-இல், போதைப்பொருள் அளவு மீறியவருக்காக உதவியை அழைப்பவருக்குப் பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தை அந்நாட்டில் முதலாவதாக இயற்றியது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைப்பொருளுக்கு அடிமையான ஒருவர் பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ வழக்கை எதிர்கொள்ளும்போது, அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி செய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெறவும் இடமுண்டு.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் போதைப்பொருள் கொள்கையை வரையும் குழுவில் நான் ஓர் உறுப்பினர். ஒவ்வொரு பருவத்திலும் முன்னறிவிப்பின்றிச் சில மாணவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, பொருள் கண்டறியப்பட்டால் உடனே விடுதியிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று பெரும்பாலான உறுப்பினர்கள் கருதுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?

பதில்: நான் இதை ஏற்கவில்லை, காரணங்களை விரிவாகவே சொல்கிறேன், குழுவில் எடுத்துரைக்க உங்களுக்கு உதவக்கூடும்.

முதலில் பரிசோதனையின் இயல்பைப் பார்ப்போம். ஒரு பொருளோ அதன் சிதைபொருளோ உடலில் இருக்கிறது என்பதை மட்டுமே சிறுநீர்ப் பரிசோதனை தெரிவிக்கும். அந்த மாணவர் இப்போது போதையில் இருக்கிறாரா, அப்பொருளுக்கு அடிமையாகிவிட்டாரா, ஒரே ஒரு முறை பயன்படுத்தியவரா என்பதை அது சொல்லாது. தொடர்ந்து கஞ்சா பயன்படுத்தியவரின் சிறுநீரில் நிறுத்திப் பல வாரங்கள் ஆன பிறகும் அதன் தடயம் இருக்கும். மதுவோ பெரும்பாலும் சில மணி நேரங்களிலேயே உடலிலிருந்து நீங்கிவிடும். அதாவது, நிறுத்திவிட்டவர் பிடிபடவும், வார இறுதிதோறும் மூர்க்கமாகக் குடிப்பவர் தப்பவும் இந்தப் பரிசோதனையே வழி செய்கிறது. விரைவாக முடிவு தரும் முதல்நிலைப் பரிசோதனைகளில் தவறான முடிவுகளும் வரும்: சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மருந்து, ஊக்கப் பொருளான ஆம்ஃபெடமினாகவும், கசகசா சேர்ந்த உணவு ஓபியமாகவும் காட்டக்கூடும். ஆய்வகத்தில் வேறொரு முறையில் உறுதி செய்யாமல் எவரையும் தண்டிப்பது அநீதி.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013-இல் வெளியிட்டு, பின்னர் உலக சுகாதார அமைப்புடன் இணைந்து 2018-இல் புதுப்பித்த சர்வதேச வரையறைகள், கல்வி நிறுவனங்களில் முன்னறிவிப்பற்ற பரிசோதனையைப் பயன் தராத நடைமுறைகளின் வரிசையிலேயே வைத்துள்ளன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பள்ளிகளில் இதைப் பரவலாக நடத்துவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015-இல் கருத்துரைத்தது. இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறொன்று. பரிசோதனை நடக்கும் இடம் பெரும்பாலும் மாணவர் நல மையமாகவே இருக்கும். காய்ச்சலுக்கும் மனச்சோர்வுக்கும் நாடிச் செல்ல வேண்டிய அறையில் குப்பியை நீட்டிக் காத்திருக்கும் ஒருவரை அமர்த்திவிட்டால், மிகவும் உதவி தேவைப்படும் மாணவர் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

உடனடி வெளியேற்றத்தில் ஒரு மருத்துவ ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. விதி எழுதுவோர் இதைப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மனக்குழப்பம், நடுக்கம், கடுங்காய்ச்சல் ஆகியவற்றோடு கூடிய உயிராபத்தான நிலை ஏற்படலாம். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் தரப்படும் பென்சோடயசெபைன் வகை மாத்திரைகளை நீண்ட காலம் உட்கொண்டவருக்கும் இதே ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட ஒருவரைப் பெட்டியுடன் வாசலில் நிறுத்தித் தனியே வீட்டுக்கு அனுப்பும் உத்தரவில் கையெழுத்திடுபவர், அவர் பயணத்தின் நடுவே என்ன ஆகக்கூடும் என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும். மருத்துவர் பார்த்த பிறகே எந்த முடிவும் நடைமுறைக்கு வரும் என்ற ஒரு வரியையாவது உங்கள் வரைவில் சேர்க்கப் போராடுங்கள்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று குழு கேட்கும். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய, 10 கேள்விகள் கொண்ட மதுப் பயன்பாட்டு வினாத்தாள் ஒன்று உள்ளது. மொத்தம் 40 மதிப்பெண்ணில் 8 அல்லது அதற்கு மேல் பெறுபவர் தீங்கு தரும் அளவில் குடிக்கக்கூடும் என்று அது காட்டும். நல மையத்துக்கு எந்தக் காரணத்துக்காக வரும் மாணவரிடமும் இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியுடன் இதைக் கேட்கலாம். தேவைப்படுபவர்களுக்குக் குறுகிய கால ஆலோசனை தரலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆலன் மார்லட்டும் அவருடைய சகாக்களும் 1990-களில் உருவாக்கிய முறையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் இரண்டு சந்திப்புகளே உள்ளன. மாணவர் சொன்ன விவரங்களையே ஒழுங்குபடுத்தி, அவருடைய பழக்கத்தையும் அதனால் அவர் இழப்பவற்றையும் அவர் முன் வைத்து, முடிவை அவரிடமே விடுகிறார்கள். அறிவுரை மழை பொழிவதில்லை. கல்லூரி மாணவர்களிடையே குடியையும் அதன் தீங்கையும் குறைப்பதில் இம்முறை பல ஆய்வுகளில் பயன் தந்திருக்கிறது.

வரைவுக்கான கட்டமைப்புக்கு அமெரிக்காவின் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைப் பார்க்கலாம். மத்திய அரசின் நிதி பெறும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனமும் நடத்தை விதிகள், சட்டப்படியான தண்டனைகள், உடல்நலக் கேடுகள், கிடைக்கக்கூடிய ஆலோசனையும் சிகிச்சையும், நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைகள் ஆகியவற்றை ஒவ்வோர் ஆண்டும் எல்லா மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் எழுத்து வடிவில் வழங்க வேண்டும்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தன் திட்டம் பயன் தருகிறதா என்று மறு ஆய்வு செய்ய வேண்டும். இந்த மறு ஆய்வைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எத்தனை பேரைத் தண்டித்தோம் என்ற கணக்கை எல்லா அலுவலகமும் வைத்திருக்கும். எத்தனை பேர் தாமாக உதவி கேட்டு வந்தார்கள், எத்தனை நாள் காத்திருந்த பிறகு ஆலோசகரைப் பார்க்க முடிந்தது, எத்தனை பேர் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்ற கணக்கும் உங்கள் வரைவில் இடம்பெறட்டும்.

கேள்வி: ஆண்டுதோறும் எங்கள் வளாகத்தில் போதையிலிருந்து மீண்ட ஒருவரை அழைத்துத் தம் கதையைச் சொல்லச் செய்கிறோம். மாணவர்கள் கண்கலங்கக் கேட்கிறார்கள். இதனால் பயன் உண்டா?

பதில்: மீண்டு வந்தவரின் துணிவை மதிக்கிறேன். ஆயினும் தடுப்பு முயற்சி என்ற அளவில், அச்சமூட்டும் உரைகளும் மீண்டவர்களின் சாட்சியங்களும் பயன் தருவதற்குச் சான்று இல்லை என்றே மேலே சொன்ன சர்வதேச வரையறைகள் கூறுகின்றன. கண்ணீர் உண்மையானதுதான், ஆனால் அடுத்த வார விருந்தில் கோப்பையை மறுப்பது எப்படி என்பதை அது கற்றுத்தருவதில்லை. சக மாணவர்கள் உண்மையில் குடிப்பதைவிட அதிகமாகக் குடிப்பதாகவே பெரும்பாலான மாணவர்கள் தவறாக எண்ணுகிறார்கள் என்பதைப் பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் எடுத்துக்காட்டினர். உங்கள் வளாகத்திலேயே பெயர் கேட்காத கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி, குடிக்காதவர்களே பெரும்பான்மை என்று தெரியவந்தால் அந்த உண்மையைப் பரப்புங்கள். அதே மேடைக்கு அதைவிட நல்ல பயன் வேறில்லை.

கேள்வி: என் மகளுக்கு 20 வயது. அவள் பல்கலைக்கழக நல மையத்தில் போதைப் பழக்கத்துக்காகச் சிகிச்சை பெறுகிறாள் என்று அவளுடைய தோழி மூலம் அறிந்தேன். மையத்தைத் தொடர்புகொண்டால், "எங்களிடம் சிகிச்சை பெறுகிறார் என்பதைக்கூட உறுதிப்படுத்த இயலாது" என்கிறார்கள். கட்டணம் கட்டும் தாய்க்கு இது தெரிய வேண்டாமா?

பதில்: அம்மா, உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. அந்தப் பதில் எவ்வளவு கடுமையாக ஒலித்திருக்கும் என்பதையும் உணர்கிறேன். ஆனால் மையம் தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. மருத்துவ விவரங்களைப் பொறுத்தவரை உங்கள் மகள் தாமே முடிவெடுக்கும் வயதை அடைந்தவர். அவருடைய சம்மதம் இல்லாமல் அவற்றை வெளியிடச் சட்டம் பெரும்பாலான நாடுகளில் இடம் தருவதில்லை. இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் ஆகியவற்றோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, இரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டுமே, தேவையான அளவுக்கு அந்த இரகசியம் தளரும்.

ஒழுங்கு நடவடிக்கை பற்றிய தகவல் வேறு, சிகிச்சை பற்றிய தகவல் வேறு என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 1998-இல் செய்யப்பட்ட ஒரு சட்டத் திருத்தம், 21 வயதுக்குக் குறைந்த மாணவர் மது அல்லது போதைப்பொருள் விதியை மீறினால் பெற்றோருக்குத் தெரிவிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி தருகிறது. அது கட்டாயம் அல்ல. ஆலோசகரின் அறையில் பேசியவற்றை வெளியிடுவதற்கான அனுமதியும் அல்ல.

உங்களால் செய்யக்கூடியவை இருக்கின்றன. மையம் உங்களுக்குத் தகவல் தரத்தான் முடியாதே தவிர, நீங்கள் தரும் தகவலைக் கேட்டுக்கொள்ளத் தடையில்லை. மகளின் பழைய நோய்கள், ஒவ்வாமை, குடும்பத்தில் எவருக்கேனும் மனநோய் இருந்தது, அவள் முன்பு தன்னைத் துன்புறுத்திக்கொண்டது போன்றவற்றை நீங்கள் எழுதி அனுப்பலாம். பிறகு மகளிடமே பேசுங்கள். தோழி சொன்னதைச் சான்றாக வைத்து விசாரிக்காதீர்கள். அந்தத் தோழியையும் அவள் இழந்துவிடுவாள். "நீ எங்கே உதவி பெற்றாலும் எனக்குச் சம்மதம், கட்டணம் நிற்காது" என்று முதலில் சொல்லிவிடுங்கள். விரும்பினால் எந்தெந்த விவரத்தைத் தாயிடம் பகிரலாம் என்று மையத்தில் அவரே எழுதிக் கொடுக்க வழி இருக்கும். அவர் தாமாகச் சிகிச்சைக்குச் சென்றிருக்கிறார் என்பது, இந்தக் கடிதத்தில் நான் கண்ட மிக நல்ல செய்தி.

கேள்வி: தேர்வுக் காலத்தில் கவனம் குவிவதற்காக நண்பரிடமிருந்து, கவனக் குறைபாட்டுக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். அது மருத்துவர் எழுதித் தந்த மருந்துதானே, இதில் என்ன தவறு?

பதில்: மருத்துவர் அதை எழுதித் தந்தது உங்கள் நண்பருக்கு. அவருடைய இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் கணக்கில் கொண்டு அளவு குறித்திருப்பார். உங்களுடையதை எவரும் பார்க்கவில்லை. கவனக் குறைபாடு இல்லாதவர்களுக்கு அது விழித்திருக்கும் நேரத்தை நீட்டுவதைவிடப் பெரிய நன்மை செய்வதாகத் தெரியவில்லை. படித்தது நினைவில் நிலைபெறத் தூக்கம் தேவைப்படுகிறது; அதைத்தான் இம்மாத்திரை பறிக்கிறது. பதற்றம், நெஞ்சுப் படபடப்பு, அரிதாக மாயக்காட்சிகள் ஆகியவையும் நேரலாம். விதியின் பக்கமும் இது சிறிய விஷயம் அல்ல: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2011-இல், தமக்கென எழுதப்படாத மருந்தைக் கல்வித் திறனை உயர்த்தப் பயன்படுத்துவதைத் தேர்வு முறைகேடுகளின் வரிசையிலேயே சேர்த்தது. மாத்திரையைக் கொடுக்கும் நண்பரோ, பல நாடுகளின் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை வழங்கிய குற்றத்துக்கு ஆளாகலாம். சிறு வயது முதலே கவனம் சிதறும் சிக்கல் உங்களுக்கு இருந்திருந்தால், முறையாக மருத்துவரைப் பாருங்கள். அது உறுதியானால் மருந்தோடு தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகையையும் பல்கலைக்கழகத்திடம் உரிமையோடு கேட்கலாம்.

கேள்வி: ஓபியாய்டுப் பழக்கத்துக்காக ஓராண்டு விடுப்பு எடுத்துச் சிகிச்சை பெற்றேன். அடுத்த பருவத்தில் திரும்புகிறேன். என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் வருகையை மனமார வரவேற்கிறேன். திரும்புவதற்கான நிபந்தனைகளை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் பெறுங்கள். எந்த மருத்துவச் சான்று போதும், அதை யார் பார்ப்பார்கள், அது நல மையத்தின் கோப்பிலேயே இருக்குமா அல்லது துறைத் தலைவர் வரை போகுமா, உதவித்தொகை விட்ட இடத்திலிருந்து தொடருமா, விடுப்பு எடுத்த காரணம் மதிப்பெண் பட்டியலில் பதிவாகுமா என்பவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெளிநாட்டு மாணவராக இருந்தால் விசாவின் நிலையையும் முன்கூட்டியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓபியாய்டுப் பழக்கத்துக்கான மருந்துகளான புப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் உட்கொள்கிறீர்கள் என்றால் அதற்கெனத் தனியாகப் பேச வேண்டும். இவை சிகிச்சை; ஒரு போதையை இன்னொரு போதையால் மாற்றுவது என்று இன்னும் சில விடுதிக் காப்பாளர்கள் எண்ணுவது தவறு. இம்மருந்துகளை மருத்துவரின் மேற்பார்வையில் தொடர்பவர்களிடையே உயிரிழப்பு கணிசமாகக் குறைகிறது. "விடுதியில் எந்தப் போதைப்பொருளும் கூடாது" என்ற விதி உங்கள் மருந்துக்குப் பொருந்தாது என்ற உறுதியையும், அதைப் பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடத்தையும் கேட்டுப் பெறுங்கள். நெடுநாள் நிறுத்தியிருந்த பின் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும் என்பதால், பழைய அளவை மீண்டும் ஒரு முறை எடுத்தாலும் உயிர் போகலாம். நலாக்ஸோன் எங்கே இருக்கிறது என்பதை உங்கள் அறைத் தோழரும் அறிந்திருப்பது நல்லது.

மீண்டு வரும் மாணவர்களுக்கென்றே தனித் திட்டங்கள் நடத்தும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகம் 1977-இலும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1983-இலும் இதைத் தொடங்கின. ரட்கர்ஸ் 1988-இல், மதுவோ போதைப்பொருளோ அண்டாத தனி விடுதியையும் திறந்தது. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகமும் 1986 முதல் இப்பணியில் இருக்கிறது. உங்கள் வளாகத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால், குடிக்காத மாணவர்கள் தங்கும் தளத்தில் அறை கேளுங்கள். வாரம் ஒரு முறை ஆலோசகரைச் சந்திக்கும் நேரத்தை வகுப்பு அட்டவணை வருவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் ஒரு முறை சறுக்க நேர்ந்து, அதை நீங்களே வந்து சொன்னால் பல்கலைக்கழகம் என்ன செய்யும் என்பதையும் இப்போதே கேட்டு, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.